மருதம்பட்டைக் கஷாயம் மை மாதிரி கறுத்தது ஏன்?

தக்கலையில வாங்கின மருதம்பட்டையை அம்மாவுக்காகக் காய்ச்சினா கஷாயம் கறுத்துப் போச்சு, கலப்படமான்னு கேட்டிருக்கீங்க. உடனே அப்படி முடிவு கட்டாதீங்க. இரும்புச் சட்டியில காய்ச்சினேன்னு எழுதியிருக்கீங்களே, கறுப்புக்கு அதுதான் காரணமா இருக்கும். மருதம்பட்டையில டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். இரும்போடு சேர்ந்தா கருநீலமாயிடும். அந்தக் காலத்துல எழுதுற மையே இப்படித்தான் செஞ்சாங்க!

தக்கலையில வாங்கின அதே பட்டையில ஒரு துண்டை எவர்சில்வர் பாத்திரத்துல காய்ச்சிப் பாருங்க. செம்பழுப்பா இறங்கினா சட்டிமேலதான் குற்றம். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சுற நம்ம ஊர் குடிதண்ணி மாதிரி இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீங்க, அது வேற மரம். ஆனா நிறம் சரியா இருக்கிறதாலேயே அசல் மருதுன்னு சொல்லிட முடியாது.

அம்மா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா கஷாயத்தைக் கூடவே கொடுக்காதீங்க, டானின் அதை உடம்புல சேரவிடாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. கஷாயமும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கலாம், டாக்டரிடம் முதல்ல கேட்டுக்கோங்க.