பழவேற்காட்டில் பூநாரை: படகுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: மார்ச் இரண்டாம் வாரம் இரண்டு பிள்ளைகளையும் எழுபது வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறோம். சென்னையில் ஒருவர் வேன், மதியச் சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்து பேக்கேஜ் தருகிறார். பூநாரைக் கூட்டத்துக்குள்ளேயே படகை விடுவார்களாம். பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். கட்டலாமா? மார்ச்சில் பறவைகள் இருக்குமா?

பதில்: கட்டாதீர்கள். பறவைகள் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அவற்றைப் பார்க்கப் படகே தேவையில்லை.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிப் படகு ஓடுகிறது என்று அவ்வப்போது செய்தி வரும், இரண்டு நாள் கெடுபிடி இருக்கும், அப்புறம் பழைய கதைதான். பேக்கேஜ்காரரிடம் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இடுப்பளவு தண்ணிதான் சார்" என்பார். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லமாட்டார்.

கூட்டத்துக்குள் படகை விடுவது ஏன் தெரியுமா? பூநாரை மிரண்டு, தண்ணீர்மேல் ஓடி எழும்பும்போதுதான் சிறகின் சிவப்பு தெரியும், போட்டோ நன்றாக வரும். அடுத்த வண்டி வந்ததும் இன்னொரு தடவை விரட்டுவார்கள். அதே சேற்றில் மேயும் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் மார்ச்சில் வடக்கே நெடுந்தூரம் பறப்பதற்காகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். விரட்டினால் அவற்றுக்கும் மேய்ச்சல் போச்சு. படகோட்டும் மீனவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குக் கிடைப்பது கூலிதான். இடையில் நிற்கும் ஆசாமியைத்தான் சொல்கிறேன்.

சரி, எங்கே போவது? சூலூர்பேட்டைக்கு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே போகலாம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு ஓரமாக நிறுத்திப் பார்த்தால் போதும், அம்மா வண்டியைவிட்டு இறங்கவே வேண்டாம். ராக்கெட் தளத்து வாசலுக்கு முன்பே திரும்பிவிடுங்கள், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலை ஆறரைக்கு அங்கே இருப்பது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரானாலும் பறவை நெளிந்துதான் தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச்சில் பறவை இருக்கும் என்பது எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது. பூநாரை நின்று மேய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருஷத்தில் ஜனவரியில் ஏரி நிரம்பிக் கிடக்கும், பறவைகள் சிதறிப் போயிருக்கும். தண்ணீர் இறங்கிய பிறகு மார்ச்சில் சாலையோரமே கூட்டம் சேரலாம். மழை பொய்த்த வருஷத்தில் இது தலைகீழ். மார்ச்சுக்குள் வடக்குப் பகுதி காய்ந்து வெடித்துக் கிடக்கும், பிப்ரவரியிலேயே போயிருக்க வேண்டும். நடுத்தர மழை என்றால் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு அந்தச் சாலையில் போய்வந்த யாரிடமாவது ஏரியின் புகைப்படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். "கண்டிப்பாகக் காட்டுவோம்" என்று டிசம்பரிலேயே முன்பணம் வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. பூநாரை பேரில் விழா எடுக்கத் தெரிகிறது, ஏரியில் இன்று தண்ணீர் எவ்வளவு என்று ஒரு பலகை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

பிள்ளைகளிடம் பழுப்புத் தலைக் கடற்காகத்தைத் தேடச் சொல்லுங்கள். குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு திரிவது, மார்ச்சில்தான் பேருக்கேற்றபடி பழுப்பாகும். பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை நோயாளிகள் அல்ல, இளம் பறவைகள்.

நேரம் இருந்தால் சூலூர்பேட்டைக்கு வடக்கே இருக்கும் நேலப்பட்டு போகலாம், தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா கூடு கட்டும் இடம். நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வேன் வேண்டுமென்றால் வேனுக்கு மட்டும் வாடகை பேசுங்கள், திரும்பி வந்து பணம் கொடுங்கள். ஏரிச்சாலையில் நிழலையோ கழிப்பறையையோ எதிர்பார்க்க வேண்டாம். அம்மாவுக்காக அதையெல்லாம் சூலூர்பேட்டையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.