கல்லூரிக் கடிதம் போதுமா? பிரிட்டன் வேலை விசாவும் ஆங்கிலத் தகுதியும்

கேள்வி: பாலக்கோடு அருகே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து, இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். பிரிட்டனில் ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்துள்ளது. கல்லூரியில் 'ஆங்கில வழியில் பயின்றவர்' என்று ஒரு கடிதம் வாங்கினால் போதும், தேர்வே வேண்டாம் என்கிறார் தருமபுரியில் உள்ள ஏஜென்ட். 2022இல் எழுதிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6, எழுத்துப் பகுதியில் 5 பெற்றேன். அது செல்லுமா? செவிலியரான என் மனைவியும் பின்னர் தனியாக விண்ணப்பிக்க விரும்புகிறார். அவருக்கு விதி என்ன?

பதில்: ஏஜென்ட் சொன்னது மாணவர் விசாவுக்கு ஓரளவு பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. மாணவர் விசாவில், பட்டப்படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே விண்ணப்பதாரரின் ஆங்கிலத்தை மதிப்பிட்டுக்கொள்ள இடம் உண்டு என்பதால், பல பல்கலைக்கழகங்கள் அத்தகைய கடிதத்தை ஏற்கின்றன. 'ஸ்கில்டு வொர்க்கர்' எனப்படும் வேலை விசாவில், வேலை தரும் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. நேர்காணலில் உங்கள் ஆங்கிலத்தை அவர்கள் எவ்வளவு பாராட்டியிருந்தாலும், விதிகளில் சொல்லப்பட்ட வகையில் ஆதாரம் காட்டினால்தான் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் ஏற்கும்.

தேவைப்படும் தரமும் அண்மையில் உயர்ந்துவிட்டது. 2026 ஜனவரி 8ஆம் தேதி முதல், இந்த விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி2 நிலையைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பு பி1 போதுமானதாக இருந்தது. ஐஇஎல்டிஎஸ் கணக்கில் பி1 என்பது ஒவ்வொரு பகுதியிலும் 4.0, பி2 என்பது ஒவ்வொரு பகுதியிலும் 5.5. மொத்த மதிப்பெண்ணை இங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டலில் 7 வாங்கி, எழுத்தில் 5 வாங்கினால் அது தோல்விதான். ஆகவே உங்கள் 2022ஆம் ஆண்டு முடிவு எழுத்துப் பகுதியிலேயே தட்டிப்போகிறது. அது எப்படி இருந்தாலும் தேர்வு முடிவு 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், காலமும் கடந்துவிட்டது.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பட்டத்தைக் கொண்டு நிரூபிப்பது ஒன்று. வெளிநாட்டில் பெற்ற பட்டமாக இருந்தால், எக்டிஸ் என்ற பிரிட்டன் அமைப்பு அதை ஆராய்ந்து, அது பிரிட்டனின் இளநிலைப் பட்டத்துக்கோ அதற்கு மேற்பட்டதற்கோ நிகரானது என்றும், ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்றும் உறுதி அளிக்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் குறிப்பிடும் கடிதத்துக்கு உரிய இடம் இதுதான்: எக்டிஸுக்கு அனுப்பும் ஆவணங்களில் ஒன்றாக அது பயன்படும், விசா அதிகாரியிடம் அது மட்டும் நேரே எடுபடாது. நீங்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தது இதில் குறுக்கே வராது. பார்க்கப்படுவது பட்டப்படிப்பு மட்டுமே. ஆனால் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது என்பதால், அவ்வழியில் படித்த உங்கள் நண்பர்கள் யாரேனும் இந்தப் பதிலைப் படித்தால், அவர்களுக்குத் தேர்வைத் தவிர வேறு வழியில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

இந்த வழியில் நம் ஊர்க்காரர்களுக்குத் தலைவலி தருவது ஆங்கிலத்தைவிடப் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் 'எம். சரவணன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து 'முனிராஜ்' குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், அயல்நாட்டில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன் எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பிவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முரண் இருந்தால் அதற்கான விளக்க ஆவணத்தை முதலிலேயே தயார் செய்யுங்கள்.

இன்னொரு வழி தேர்வு. இந்தியாவில் இருந்தபடி எழுத, ஐஇஎல்டிஎஸ், பியர்சனின் பிடிஇ, லாங்குவேஜ்செர்ட், பிஎஸ்ஐ நடத்தும் ஸ்கில்ஸ் ஃபார் இங்கிலீஷ் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் பிரிட்டன் விசாவுக்கென்று தனியே நடத்தப்படும் வகையைத்தான், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில், எழுத வேண்டும். 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' (யூகேவிஐ என்பது பிரிட்டனின் விசா, குடியேற்றப் பிரிவு) என்று பதிவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸிலும் அதே வினாத்தாள் அமைப்புதான், அதே மதிப்பெண்தான். ஆயினும் இந்த விசாவுக்கு அது செல்லாது. வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதும் தேர்வு, டூயோலிங்கோ, டோஃபெல் எதுவும் செல்லாது. பிடிஇ எழுதினால் ஒவ்வொரு பகுதியிலும் 59 தேவை.

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் ட்ரெயினிங் இரண்டில் எதை எழுதினாலும் இந்த விசாவுக்குப் போதும். ஜெனரல்தான் எளிது என்று பயிற்சி மையங்களில் சொல்வது வழக்கம்; டிசைன் வேலையில் இருப்பவருக்கு அது உண்மையா என்று எனக்கு ஐயம் உண்டு. ஜெனரலில் வாசிப்புப் பத்திகள் எளிதாக இருப்பதால், அங்கே மதிப்பெண் பெற அதிகமான சரியான விடைகள் தேவைப்படுகின்றன: 40 கேள்விகளில் 6.0 பெற, அகாடமிக்கில் சராசரியாக 23 சரியான விடைகள் போதும், ஜெனரலில் 30 வேண்டும். எழுத்துத் தாளின் முதல் கேள்வியாக ஜெனரலில் குறைந்தது 150 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அகாடமிக்கில் வரைபடத்தையோ அட்டவணையையோ ஒரு செயல்முறைப் படத்தையோ பார்த்து விவரிக்க வேண்டும். நாள் முழுவதும் டிராயிங்கையும் சார்ட்டையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவதே இயல்பாக வரும் என்பது என் கருத்து. இரண்டு வகையின் மாதிரித் தாள்களையும் ஒருமுறை எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்துப் பகுதியில் உங்களுக்கு 5 வந்ததில் வியப்பில்லை. தொழிற்சாலையில் நாம் எழுதும் ஆங்கிலம் பெரும்பாலும் முழு வாக்கியமாக அமையாத ஆங்கிலம். 'டூல் வேர் அப்சர்வ்டு, ஆஃப்செட் கரெக்டட், பார்ட் ஓகே' என்று ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் எழுதினால் அனைவருக்கும் புரியும், வேலையும் நடக்கும். தேர்வில் அதே செய்தியை, எழுவாயும் பயனிலையும் காலமும் சரியாக அமைந்த முழு வாக்கியங்களாக, காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுத வேண்டும். தினமும் உங்கள் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் ஒன்றை எடுத்து ஒரு பத்தியாக விரித்து எழுதிப் பழகுங்கள். இலக்கணப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து புரட்டுவதைவிட இது விரைவில் பலன் தரும். குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டிய இரண்டாம் கேள்விக்கு முதல் கேள்வியைப்போல் இரு மடங்கு மதிப்பு உண்டு என்பதால், எழுத்துத் தாளுக்கான 60 நிமிடங்களில் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். கணினியில் எழுதும்போது தட்டச்சு வேகமும் கைகொடுக்கும். பள்ளி விடுமுறையில் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர்கள் அதன் அருமையை அன்று உணர்வார்கள்.

பேசுவதும் கேட்பதும் உங்களுக்குப் பெரிய தடையாக இருக்காது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் ஓசூர் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவரின் காது எந்த உச்சரிப்புக்கும் சீக்கிரம் பழகிவிடும். கேட்டல் பகுதியில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதை முதலில் செய்வது? ஆவணங்களும் பெயர்களும் சரியாக இருந்தால் எக்டிஸ் வழியையே முதலில் தேர்ந்தெடுங்கள். பட்டத்துக்கு 2 ஆண்டுக் காலாவதி கிடையாது. பெயர்ச் சிக்கல் தீர நாளாகும் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு மையம் கூப்பிடு தூரம்தான். எந்த வழியானாலும், உங்களை வேலைக்கு எடுப்பதை உறுதிசெய்யும் ஸ்பான்சர்ஷிப் சான்றை நிறுவனம் வழங்குவதற்கு முன்பே ஆங்கில ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்று வழங்கப்பட்ட 3 மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தேர்வில் ஒரு பகுதி தவறினால் அந்த அவகாசம் கரைந்துவிடும். நிறுவனத்தின் பெயர் உள்துறை அமைச்சகத்தின் ஸ்பான்சர் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அரசு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் பட்டநிலை வேலைகளுக்கே பொதுவாக இந்த விசா வழங்கப்படுகிறது. சம்பளத்தின் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. 'மதிப்பெண் வாங்கித் தருகிறேன்' என்று யாரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு முடிவும் அதற்குரிய எண்ணைக் கொண்டு நேரடியாகச் சரிபார்க்கப்படுகிறது. மோசடி என்று தெரிந்தால் 10 ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம்.

உங்கள் மனைவியின் நிலை வேறு. செவிலியராகப் பதிவு பெற, பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் ஏற்கும் தேர்வில் அவர் தேறினால், விசாவுக்கென்று இன்னொரு ஆங்கிலத் தேர்வு எழுதத் தேவையில்லை. ஆனால் கவுன்சில் கேட்கும் தரம் உயர்ந்தது: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓஇடி தேர்வு என்றால் அந்த மூன்றிலும் 'பி', எழுத்தில் 'சி பிளஸ்'. ஓஇடியின் எழுத்துத் தாளில் நோயாளியின் குறிப்புகளைப் படித்து, அவரை அடுத்து கவனிக்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை ஒப்படைத்துப் பழகியவருக்கு அது புதிதல்ல என்பதால், அவர் ஓஇடியிலிருந்து தொடங்கலாம்.