முடியை எண்ணிப் பெயர் வைக்கிறார்கள்

கேள்வி: மண்ணில் வாழும் மைட்டில் புதிய சிற்றினம் கண்டுபிடித்ததாக அவ்வப்போது செய்தி வருகிறது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியைப் பார்த்து 'இது புதுசு' என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: முதலில் ஒரு திருத்தம். மைட் பூச்சி இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். (முட்டையிலிருந்து வந்த புதிதில் ஆறு கால்தான், அதைப் பார்த்துப் பூச்சி என்றிருந்தால் தப்பில்லை.)

பிடிப்பது சுலபம். சருகும் மண்ணுமாக அள்ளி, புனலுக்குள் இருக்கும் வலைமேல் போட்டு, மேலே பல்பை எரியவிட்டால், சூடும் வறட்சியும் தாங்காமல் இறங்கி இறங்கி அடியில் வைத்த ஆல்கஹாலில் வந்து விழும். 1905-இல் பெர்லீஸ் என்ற இத்தாலியர் வெந்நீரால் சூடாக்கிச் செய்த புனல் இது. பல்பு மாட்டியவர் டுல்கிரென் என்ற சுவீடன்காரர்.

வேலை அப்புறம்தான் ஆரம்பம். மண்ணில் நிறைய இருக்கும் ஒரிபாட்டிட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கரும்பழுப்பு ஓடு, அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. லாக்டிக் அமிலத்தில் ஊறப்போட்டால் ஓடு கண்ணாடி மாதிரி தெளியும். குழியுள்ள ஸ்லைடில் அதைப் போட்டு, மெல்லிய கண்ணாடித் தகட்டால் பாதி மூடி, தகட்டை லேசாக நகர்த்தினால் உள்ளே மைட் உருளும். முதுகு, விலா, வயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொள்ளலாம். பிறகு முடி எண்ண வேண்டும், விளையாட்டில்லை, காலின் ஒவ்வொரு கணுவிலும் எத்தனை, வயிற்றுத் தகடுகளில் எத்தனை ஜோடி, தலைப்பக்கத்து உணர்முடி கதாயுதம் மாதிரி பருத்திருக்கிறதா, நூலா, சீப்பா என்று. கிராண்ட்ஜான் என்ற பிரெஞ்சுக்காரர் முடி முடியாகக் குறியீடே வகுத்து வைத்திருக்கிறார். ஒரு முடி குறைந்தால் அது வேறு இனமா, இல்லை உதிர்ந்துபோனதா? உதிர்ந்திருந்தால் அது முளைத்திருந்த குழி இருக்கும், குழியைத் தேடுவார்கள். ஒரே ஒரு மைட்டை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரத் தயங்குவதும் இதனால்தான்.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தலைவலி ஒப்பிடுவது. ஒரிபாட்டிட்டில் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் பெயர் வைத்தாகிவிட்டது. பழைய விவரிப்புகள் சில நாலு வரியில் முடிந்துவிடும், படம் இருக்காது, அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியைத்தான் (பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த அதே மைட்டை) போய்ப் பார்க்க வேண்டும். குஞ்சுக்கும் தாய்க்கும் உருவமே ஒட்டாது என்பதால் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்த கூத்தும் உண்டு.

கேள்வி: டிஎன்ஏ பார்த்தால் போதாதா?

பதில்: உதவும், அதுவும் நன்றாகவே. ஓட்டைச் சிதைக்காமல் டிஎன்ஏ எடுத்துவிட்டு அதே மைட்டை ஸ்லைடில் ஏற்றவும் முடிகிறது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன் பெயர் பெற்ற இனத்தோடு பொருத்திப் பார்க்க அந்தக் காலத்து ஸ்லைடுதானே இருக்கிறது, திரும்ப முடிக்குத்தான் வர வேண்டும். இன்னொன்று, பல ஒரிபாட்டிட் இனங்களில் ஆணே கிடையாது, பெண்ணே தனியாகப் பெற்றுக்கொள்ளும். 'தங்களுக்குள் கூடி இனம் பெருக்குவதே சிற்றினம்' என்று பள்ளியில் படித்தது இங்கே செல்லாது.

கேள்வி: கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: விதியில் தடை இல்லை. 2000 முதல் விதி கட்டாயமாகக் கேட்பது வேறு: 'புதிய இனம்' என்று வெளிப்படையாக அறிவித்து, ஹோலோடைப் எனும் மூல மாதிரி எது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று எழுத வேண்டும். தன் பெயர் வைத்தால் செல்லும், சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.