பழைய டூல் பாக்ஸில் கிடைத்த, ஓரமெல்லாம் வெட்டு விழுந்த வட்டத் தகடு என்ன?

உள்ளங்கை அகல இரும்புத் தகடு, விளிம்பைச் சுற்றிலும் வெட்டு, ஒவ்வொரு வெட்டின் உள்முனையிலும் ஒரு ஓட்டை, பக்கத்தில் 1 முதல் 36 வரை எண்கள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த இது தறிச் சாமானா, சைக்கிள் ஸ்போக் சாவியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லைங்க. இது வயர் கேஜ், கம்பியின் கனம் பார்க்கிற கருவி.

தகட்டைவிட, அதோடு கிடந்ததாக நீங்கள் சொன்ன மூங்கில் சீவல்களும் கெட்டியான பழுப்புக் காகிதமும்தான் எனக்கு விஷயத்தைச் சொல்லின. காகிதம் லெதராய்டு, அதாவது கரண்ட் கசியாமல் தடுக்கும் காகிதம். மோட்டாருக்குள் இருக்கும் பள்ளத்தில் (ஸ்லாட்) அதை வைத்து, செம்புக் கம்பிச் சுற்றை (காயில்) இறக்கி, வெளியே பிதுங்காமல் இருக்க மூங்கில் சீவலைச் செருகுவார்கள். உங்கள் தாத்தா மோட்டாருக்குக் காயில் கட்டியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கோவை பக்கம் சூலூரில் என் மாமா காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கோடையில் வோல்டேஜ் குறைந்தால் கிணற்று மோட்டார்கள் வரிசையாகக் கருகி வரும். பள்ளி விடுமுறையில் கூடமாட ஒத்தாசைக்குப் போன நான், முதல் நாள் கம்பியை அந்த ஓட்டைக்குள் விட்டு அளந்தேன். "ஏங்கண்ணு, ஓட்டைக்குள்ள உட்டா எந்தக் கம்பிதான் போகாது? சந்துல உட்டுப் பாரு" என்றார். அளப்பது வெட்டில்தான், ஓட்டை, கம்பியைச் சிக்காமல் வெளியே எடுக்க.

சந்தில் விட்டேன், 20 என்றேன். அதுவும் தப்பு. மாமா தீக்குச்சியைக் கிழித்துக் கம்பி நுனியில் காட்டினார். கம்பி மேல் பூசியிருந்த எனாமல் கருகியதும் பனியன் வேஸ்ட்டால் ஒரு இழுப்பு. வெறும் செம்பு 21-இல் கச்சிதமாக நின்றது.

ஒரு நம்பர்தானே என்று நினைக்க வேண்டாம். எண் கூடினால் கம்பி மெலியும். 20 என்பது 0.91 மில்லிமீட்டர், 21 என்பது 0.81. 20 இருந்த இடத்தில் 21 சுற்றினால் செம்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே கரண்ட் மெலிந்த கம்பியில் ஓடி, சூடேறி, மோட்டார் திரும்பக் கடைக்கே வரும். மாற்றிக் கனமாகச் சுற்றினாலோ ஸ்லாட்டில் அடங்காது.

எஸ்.டபிள்யூ.ஜி. (SWG) என்கிற இந்த அளவுமுறை 1884-இல் பிரிட்டனில் சட்டப்படி நிலையானது. நம் பக்கம் ரீவைண்டிங் கடைகளில் புழங்குவதும் இதுதான். அமெரிக்க கேஜ் வேறு, அதில் 20 என்றாலே 0.81 தான். உங்களுடையது எது என்று 20-ஆம் வெட்டை ஃபீலர் கேஜ் (சந்தின் அகலம் பார்க்கிற மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துருவை எடுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடையுங்கள். உப்புத்தாளை மட்டும் வெட்டுக்குள் விட வேண்டாம், சந்து அகன்றுவிடும். மாமாவின் தகட்டில் 22-ஆம் வெட்டு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். உங்கள் தாத்தாவினுடையதில் எது தேய்ந்திருக்கிறது?