இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்க வேண்டுமா?

கேள்வி: நேற்று காலை 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, தும்மினால் உயிர் போகிறது. வயது 41. ஒரு வாரம் அசையாமல் படு என்கிறார் கணவர். கால் முதலில் வந்து பிறந்தவரை விட்டு மிதிக்கச் சொல்லலாம் என்கிறார் அம்மா. எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?

பதில்: முதலில் இதைப் பாருங்கள். சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? ஆசனவாயைச் சுற்றியோ தொடையிடுக்கிலோ மரத்திருக்கிறதா? கால் பலமிழந்து துவள்கிறதா? சிறுநீர் அடைத்தாலோ மற்ற இரண்டில் ஒன்று இருந்தாலோ நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்தது, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பது என ஏதாவது இருந்தாலும் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

இவை எதுவும் இல்லையா? சரி, பயம் வேண்டாம். வலி இவ்வளவு கடுமையாக இருப்பதால் உள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நோகும் இடத்தைக் காக்கச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால்தான் பெரும்பாலும் நிமிர முடியாமல் போகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும்.

ஒரு வாரம் படுக்கை கூடாது. ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. இரண்டு நாள் படுத்திருந்தவர்களை விடவும், பயிற்சி செய்தவர்களை விடவும், வலி விட்ட அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். வலி தாங்காத நேரத்தில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து அரை மணி நேரம் ஓய்வெடுங்கள். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். அப்புறம் வீட்டுக்குள்ளேயே நாலு நடை. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். முக்கினால் வலி கூடும் என்பதால் மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை சில நாளுக்கு உதவும், சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அம்மா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் மிதிக்க மட்டும் விடவே வேண்டாம். இறுகிய தசை மேலும் இறுகும், எலும்பு பலவீனமானவர்களுக்கு முறிவே வரலாம்.

எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தபோது பாதிப் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருந்தது! உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படி ஏதாவது வரலாம். அதைப் படித்துப் பயந்து நடப்பதை நிறுத்திவிடுவீர்கள், அதுதான் என் கவலை. ஆறு வாரமாகியும் குறையாவிட்டாலோ, கால் வரை இறங்கும் வலி கூடிக்கொண்டே போனாலோ எடுக்கலாம்.

தண்ணீர் கேனைச் சில வாரம் கணவர் தூக்கட்டும். வலி விட்டபின் நடையைக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்று கொண்டுவாருங்கள். மறுபடி பிடிப்பதைத் தள்ளிப்போட அது உதவும்.