கலகலப்பானவரா, கடலில் பழுத்தவரா: பாய்மரப் படகு கற்க யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 41. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. நீச்சல் சுமார்தான். இரண்டு பயிற்சியாளர்களை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கு முப்பது வருட அனுபவம், ஆனால் சத்தம் போடுவாராம். இன்னொருவர் இளைஞர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். யாரிடம் சேரலாம்?

பதில்: பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாமல் இருவரோடும் ஒவ்வொரு நாள் படகில் ஏறிப் பாருங்கள். கரையில் நின்று பேசும்போது எல்லாப் பயிற்சியாளரும் நல்லவர்தான், என்னையும் சேர்த்து. படகில் அவர் பேச்சைவிட அவர் கைகளைக் கவனியுங்கள்.

டில்லர் என்பது சுக்கானைத் திருப்பும் கட்டை. அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது பிடிபடவே கொஞ்ச நேரம் ஆகும். நீங்களும் தப்பாகத் தள்ளுவீர்கள். படகு காற்றுக்கு நேர் எதிராக மூக்கைத் திருப்பிக்கொள்ளும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் பெரும்பாலான படகுகள் முன்னேறாது, அதனால்தான் வளைந்து வளைந்து போகிறோம்.

அந்த நொடியில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டில்லரைப் பிடுங்கி ஐந்தே விநாடியில் படகைச் சரிசெய்து, "பாத்தீங்களா, இவ்வளவுதான்" என்றால், கற்றது அவர் கைதான், உங்கள் கை இல்லை. நல்லவர் கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "காத்து இப்ப எந்தக் கன்னத்துல படுது?" என்று கேட்பார். பிறகு பூமை, அதாவது பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் கழியை, ஒரு பக்கம் தள்ளச் சொல்வார், டில்லரையும் அதே பக்கம். படகு மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு தடவை இதை நீங்களே செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஆரம்ப வருடங்களில் நானும் பிடுங்குகிற ஆளாகத்தான் இருந்தேன். நான்கு நாள் பயிற்சி முடிந்ததும் ஒருவர், "சார், நான் இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கலையே" என்றார். சுருக்கென்றது.

அடுத்து, அவர் முதலில் எதைச் சொல்லித் தருகிறார்? ஓட்டுவதற்கு முன் நிறுத்தச் சொல்லித் தர வேண்டும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு ஷீட் என்று பெயர் (பாய்க்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக் குழம்பாதவர் இல்லை). படகு சாய்ந்து பயமுறுத்தினால் ஷீட்டை விட்டுவிடுங்கள். பாயில் காற்று இறங்கிவிடும், படகு நிமிரும். காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது மட்டும் இந்த பிரேக் பிடிக்காது. அப்போது முதலில் படகைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும். இந்த விதிவிலக்கையும் முதல் நாளே சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர். ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் பாயைப் பக்கம் மாற்றும்போது, பூம் வீசிக்கொண்டு வந்து தலையில் அடிக்கும் என்பதையோ, படகை அவிழ்ப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சத்தம் போடுவதைப் பற்றி. காற்றும் பாயும் அடிக்கிற இரைச்சலில் சாதாரணக் குரல் முன்பக்கம் இருப்பவருக்குக் கேட்காது, எல்லோருமே உரக்கத்தான் பேசுவோம். "குனி!" என்று கத்துவது உங்கள் மண்டையைக் காப்பாற்ற. "எத்தனை தடவ சொல்றது!" என்று கத்துவது வேறு ரகம். பயந்துபோன ஆளுக்குக் காதில் எதுவும் ஏறாது. ஏறிய கொஞ்சமும் கைக்கு வராது.

முப்பது வருடம் கடலில் இருந்தவர் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர் என்று அர்த்தமில்லை. ஆனால் அனுபவத்துக்கு ஒரு இடத்தில் மாற்றே கிடையாது: இன்று கிளம்பலாமா, வேண்டாமா என்பதில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விசை நான்கு மடங்காகும். 8 நாட் (knot) காற்றில், அதாவது மணிக்கு சுமார் 15 கிலோமீட்டரில், சுகமாக மிதந்த படகு 16 நாட் காற்றில் புதியவர் கைக்கு அடங்காது. "போன மாசம் எத்தனை நாள் வகுப்பை ரத்து பண்ணினீங்க?" என்று இருவரிடமும் கேளுங்கள். ஒரு நாள்கூட இல்லை என்று பெருமையாகச் சொல்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

மற்றவை சட்டென்று பார்த்துவிடலாம். பயிற்றுநர் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, தண்ணீரில் தயாராக நிற்கும் மீட்புப் படகு, உங்கள் உடம்புக்குச் சரியான மிதவைச் சட்டை. ஒரு சிறு படகில் அவரோடு மூன்று பேருக்கு மேல் ஏற்றினால் டில்லர் உங்கள் கைக்கு வருவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். எத்தனை நாள் ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் திட்டத்தில் சிறு படகுக்கான முதல் இரண்டு நிலைகளும் தலா இரண்டு நாள் பயிற்சி. அது தொடக்கம்தான், பிறகு பழகப் பழகத்தான் கை வரும். 41 வயது ஒரு பிரச்சினையே இல்லை.

நீச்சல் சுமார் என்பதை இருவரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மிதவைச் சட்டை மிதக்க வைக்கும், ஆனால் தண்ணீர் முகத்தில் அடித்தால் பதறாமல் இருக்கும் அளவு பழக்கம் உங்களுக்கு வேண்டும். சொல்லிவிட்டு, "படகைக் கவிழ்த்து நிமிர்த்துவதை எப்போ சொல்லித் தருவீங்க?" என்றும் கேளுங்கள். அதெல்லாம் கவிழாது, பயப்படாதீங்க என்று தைரியம் சொல்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எனக்குச் சரிப்படாது. "நாளைக்கே. மாத்துத் துணி கொண்டு வந்திருங்க" என்று சிரிப்பவரிடம் சேருங்கள்.