வியாக்கியானப் பிரசங்கம் என்றால் என்ன? ஒரு வசனத்தை எடுத்துப் பேசினாலே போதாதா?

போதாது. வசனத்தை வாசித்துவிட்டு, தான் ஏற்கெனவே சொல்ல நினைத்ததைப் பேசுகிறவர்கள்தான் அதிகம். வியாக்கியானப் பிரசங்கத்தில் நிலைமை தலைகீழ்: செய்தியின் மையக்கருத்தையும் வரிசையையும் வேதப்பகுதியே தீர்மானிக்கும். எழுதியவர் யாருக்கு, எந்தச் சூழலில், என்ன சொன்னார் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் நமக்கு என்ன என்ற கேள்விக்கு வர வேண்டும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு நல்ல எதிர்காலம் தரும் நினைவுகளே எனக்கு உண்டு' என்று தேவன் சொல்வதாக, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் நம் வீடுகளுக்கு அடிக்கடி வரும் வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ளது. அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம்! 'அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்' என்பதும் அதே கடிதம்தான். அப்படி வாசித்தால் ஆறுதல் குறையாது, அவசரம்தான் குறையும்.

இது புதிய முறையுமல்ல. நெகேமியா 8:8-இல் லேவியர் வாசித்து, அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினார்கள். 1519 ஜனவரி 1 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சீர்திருத்தவாதி சுவிங்லி, ஒவ்வொரு ஞாயிறுக்கும் இன்ன பகுதி என்று குறித்திருந்த வழக்கமான வாசகப் பட்டியலை விட்டுவிட்டு மத்தேயுவை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1538-இல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்ட இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின், 1541-இல் திரும்பியதும் விட்ட பகுதியிலிருந்தே தொடர்ந்தார். புகார் ஒன்றும் இல்லை, அடுத்த வசனம், அவ்வளவுதான்.

இம்முறையில் பிரசங்கியார் தமக்குப் பிடிக்காத பகுதியைத் தாண்டிப்போக முடியாது. என்னைக் கேட்டால், பெரிய லாபமே அதுதான். மோசமாகச் செய்தால் கிரேக்கச் சொல் வகுப்பாகி, சபை தூங்கிவிடும் என்பதும் உண்மை.